நாலாம் நம்பர் ஸ்க்ரூ

காவலூரைத் தாண்டி ஜமுனாமரத்தூர் போகும் சாலையில், ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் மீட்டரைக் கவிழ்த்து வைத்து அதன் முதுகு மூடியைக் கழற்றினேன். மார்கழி மாதம், காலை எட்டரை மணி. வண்டி ஓட்டி வந்ததில் விரல்கள் விறைத்திருந்தன. மேல் ஸ்க்ரூ உள்ளங்கையில் பத்திரமாக விழுந்தது. கீழ் ஸ்க்ரூ சுவர் விளிம்பில் ஒரு துள்ளு துள்ளி, ஓடைக் கூழாங்கற்களுக்கு நடுவே போய்விட்டது. விழுந்த சத்தம் கூடக் கேட்டது. விழுந்த இடம்தான் தெரியவில்லை.

அரை மணி நேரம் தேடினேன். பித்தளை என்பதால் காந்தம் போட்டுத் துழாவியும் பயனில்லை. நிக்கல் பூச்சு பாதி தேய்ந்த ஸ்க்ரூ. ஓடைக்கல்லின் நிறத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

வாணியம்பாடியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை என்னுடையது. அப்பா தொடங்கியது. தோல் தொழிற்சாலை மோட்டார்கள்தான் பெரும்பாலும் வரும். அந்த வருடம் மலையிலிருந்து ஒரு மோட்டார் வந்தது. சாமையில் உமி நீக்கும் இயந்திரத்தை ஓட்டும் இரண்டு ஹெச்.பி. சிங்கிள் பேஸ். மலைக்கிராமத்துப் பெண்கள் சிலர் குழுவாகச் சேர்ந்து நடத்துவது. கருகிப்போன காயிலைப் பிரித்துப் புதிதாகக் கட்டிக் கொடுத்தேன். நாலு மாதத்தில் அதே மோட்டார் அதே கருகல் வாசனையோடு திரும்பி வந்தது. மறுபடி கட்டிக் கொடுத்தபோது, தூக்கிக்கொண்டு வந்த அக்கா ஒன்றும் குறையாகச் சொல்லவில்லை. "இந்த தபா நிக்கும்ல அண்ணா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை மலையேற வைத்தது. ஒரே மோட்டார் இரண்டு முறை எரிந்தால் நோய் மோட்டாரில் இல்லை, அதற்கு வரும் லைனில் இருக்கிறது. அங்கே போய் அளந்து பார்க்காமல் மூன்றாவது முறையும் காயில் கட்டிக் காசு வாங்குவது சரியில்லை.

அதற்காகத்தான் அப்பாவின் மீட்டரை எடுத்து வந்தேன். பட்டறையில் டிஜிட்டல் மீட்டர் இரண்டு இருக்கின்றன, டாங் டெஸ்டரும் இருக்கிறது. ஆனால் மோட்டார் கிளம்பும் அந்த ஒன்றிரண்டு நொடியில் வோல்டேஜ் எவ்வளவு சரிகிறது என்று பார்க்க, முள் ஓடும் மீட்டருக்கு இணை இல்லை. டிஜிட்டலில் எண்கள் படபடவென்று மாறி ஓடிவிடும். முள்ளோ எங்கே இருந்தது, எங்கே விழுந்தது, எவ்வளவு நேரம் அங்கே கிடந்தது என்று கண்ணுக்கே காட்டிவிடும். கறுப்பு பேக்லைட் பெட்டி, இடது உள்ளங்கையில் ஏந்திப் பிடிக்கும் அளவு, நடுவில் ஒரு பெரிய குமிழ். ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கலாம் என்ற யோசனையே டொனால்டு மெக்கேடி என்ற பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளருடையது. லைன் வேலைக்குத் தனித்தனிக் கருவிகளைச் சுமந்து சலித்துப்போய் அவர் உருவாக்கிய கருவி 1923-இல் 'ஏவோ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அப்பாவின் மீட்டர் அந்தக் குடும்பத்தின் தூரத்து உறவு. நம் நாட்டில் செய்தது. ஆனால் அதன் உடம்பு முழுக்க பிரிட்டிஷ் பழக்கம்.

பாலத்தில் நின்று மூடியைக் கழற்றக் காரணம், ஓம் அளவில் முள் பூஜ்யத்துக்கு வர மறுத்தது. உள்ளே இருக்கும் பேட்டரி தளர்ந்தால் அப்படித்தான் ஆகும். ஆலங்காயத்தில் வாங்கிய புது பென்சில் பேட்டரிகளை மாற்றிவிட்டு வேலைக்குப் போகலாம் என்று நினைத்தேன். மேஜை மேல், துணி விரித்துச் செய்ய வேண்டிய வேலை. சாலையோரம் செய்தது என் தவறு.

ஒரு ஸ்க்ரூ போனால் என்ன, இன்னொன்று இருக்கிறதே என்று தோன்றலாம். போனது கீழ் ஸ்க்ரூ. புரோப் வயர் செருகும் சாக்கெட்டுகள் இருக்கும் பக்கம். அங்கே மூடி தளர்ந்தால் முதுகில் ஓர் இடுக்கு விழும். மீட்டரை ஏந்தும் கையின் விரல் நுனி சரியாக அந்த இடத்தில்தான் படியும். புரோப் லைனில் பட்டிருக்கும்போது உள்ளே ரெசிஸ்டர் கால்களிலும் அதே 230 வோல்ட்தான் நிற்கும். இப்போதைய மீட்டர்களுக்கான சர்வதேசப் பாதுகாப்பு விதி 61010, ஆபத்தான மின்பாகங்களுக்கு வழிவிடும் மூடி எதுவாக இருந்தாலும் கருவி கொண்டுதான் திறக்க முடிய வேண்டும் என்கிறது. அப்பா அந்த விதியைப் படித்தவரில்லை. "மூடி போடாத மீட்டர லைன்ல வெக்காதே" என்று நான் பட்டறைக்கு வந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார். ரப்பர் பேண்டு போட்டோ இன்சுலேஷன் டேப் சுற்றியோ அளக்கலாம். நிறையப் பேர் அளக்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. இருந்த ஒரு ஸ்க்ரூவை மாதிரிக்காகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ஆலங்காயத்திலிருந்து ஏறும் பாதை எனக்குப் பழக்கம்தான் என்றாலும் ஒரு முறைகூட காவலூரில் வண்டியை நிறுத்தாமல் போனதில்லை. மரங்களுக்கு மேலே தெரியும் வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடத்தைப் பார்த்தபடி ஒரு டீ. அன்றும், பாலத்துக்கு வருமுன், அப்படித்தான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்தக் காட்டு இடத்தை 1960-களில் வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்தார். 1968-இல் வேலை தொடங்கியபோது இருந்தது 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றுதான், அதுவும் சொந்தமாகவே செய்துகொண்டது. 1972-இல் ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. பெரிய குவிமாடத்துக்குள் இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி, அதன் இயந்திர உடல் மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் ஆலையில் உருவாகி, 1986 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதைப் பார்க்க பாப்பு இல்லை, 1982-இலேயே இறந்துவிட்டார். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

மீட்டர் பிடிக்கும் தொழில் செய்பவன் என்பதால் இந்த இடத்தின் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது 1977 மார்ச் 10 இரவு நடந்தது. யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடக்கப் போகிறது என்று உலகெங்கும் காத்திருந்தார்கள். காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில், நட்சத்திர ஒளியை மின்னோட்டமாக மாற்றும் கருவியை வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். கிரகம் நட்சத்திரத்தை நெருங்கும் முன்பே, எதிர்பார்க்காத நேரத்தில், மின்னோட்டம் சில நொடிகள் இறங்கி மறுபடி ஏறியது. முதலில் அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் ஒன்று என்றுதான் எண்ணினார்கள். இந்தியப் பெருங்கடல் மேல் விமானத்தில் பறந்தபடி அளந்த அமெரிக்கக் குழுவின் பதிவுகளோடு சேர்த்துப் பார்த்தபோதுதான், யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உறுதியானது. ஒரு சின்னச் சரிவு. அதை வீண் ஆட்டம் என்று ஒதுக்காமல் நம்பினார்கள். அளக்கும் கருவியை ஒழுங்காக வைத்திருப்பவனுக்குத்தான் அந்த நம்பிக்கை வரும்.

காவலூரைத் தாண்டினால் சாலை கொஞ்ச தூரம் சமமாக ஓடும். மலைக்கு மேலே ஒரு தனி நாடே இருப்பது அப்போதுதான் தெரியும். மலையாளிகள் வாழும் ஊர்கள். கேரளத்தவர் என்ற பொருளில் இல்லை, மலையை ஆள்பவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்து ஏறியவர்கள் என்பது அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதை. திருப்பத்தூர்ப் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று ஊர்ப் பெயர்களிலேயே நாடு நிற்கிறது. சரிவுகளில் சாமை அறுத்த தாள் கட்டை வெளுத்துக் கிடந்தது. பலாவும் புளியும் பாதையோரம். சந்தன மரங்களால் பெயர் பெற்ற மலை. இப்போது சாலையிலிருந்து பார்த்தால் அவை தென்படுவதில்லை.

ஜமுனாமரத்தூர் கடைத்தெரு பத்து நிமிடத்தில் நடந்து முடியும். ஹார்டுவேர் கடைத் தம்பி முகம் கோணாமல் தட்டுத் தட்டாக எடுத்து வைத்தார். தகரக் கூரைக்கு அடிக்கும் ஸ்க்ரூ, கதவுக் கீலுக்கான மர ஸ்க்ரூ, போல்ட்டு நட்டு. நாலு மில்லிமீட்டர் ஸ்க்ரூ ஓட்டைக்குள் நுழையவே இல்லை. மூன்று மில்லிமீட்டர் லொடலொடவென்று ஆடியது. திருகவே வேண்டாம், இழுத்தால் கையோடு வந்துவிட்டது. செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தவை மிளகுக்கும் சின்னவை. ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் பெட்டியின் ஸ்க்ரூ ஒன்றைக் கொடுத்தார்கள். பருமன் கச்சிதம். எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரு சுற்று போனது, ஒன்றரை போனது, பிறகு இறுகி நின்றது.

இங்கேதான் ஒருவன் கை தவறு செய்யும். இன்னும் கொஞ்சம் அழுத்தித் திருகினால் போய்விடும் என்று கை சொல்லும். போகவும் செய்யும், ஓட்டையின் மரையைத் தின்றுகொண்டு. பேக்லைட்டுக்குள் பதித்த பித்தளைக் குழலில் வெட்டிய மரை. எஃகு ஸ்க்ரூவுக்கு எதிரே அது மெழுகு மாதிரி. பின்னோக்கித் திருகிக் கழற்றிவிட்டேன்.

டூவீலர் மெக்கானிக் ஒருவர் ஓட்டையைப் பார்த்துவிட்டு, "டேப் போட்டு நாலு எம்எம் ஆக்கிடலாம்ணா, அஞ்சு நிமிஷ வேல" என்றார். நல்ல யோசனைதான். வேறு பொருளாக இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் ஐம்பது வருடப் பேக்லைட் காய்ந்து நொறுங்கும் பருவத்தில் இருக்கிறது. மரை வெட்டும் டேப் திரும்பும் முறுக்கில் பித்தளைக் குழல் தன் இடத்திலேயே கழன்று சுற்ற ஆரம்பித்தால் எந்த ஸ்க்ரூவும் நிற்காது. நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு அவரே வழி சொன்னார்: "அப்டின்னா ரேடியோ தாத்தாவைப் பாருங்க. பழைய சாமான் இன்னா வோணும்னாலும் அவருகிட்ட இருக்கும்."

ரேடியோ தாத்தாவின் கடைக்குப் பெயர்ப் பலகை இல்லை. தெருவை விட்டு உள்ளே தள்ளி, ஓட்டு வீட்டின் திண்ணையில் ஒரு மேஜை. எழுபத்தைந்து வயது இருக்கும். இப்போது எல்.இ.டி. பல்பும் மிக்சியும்தான் வருகின்றன என்றார். கரண்ட் வராத காலத்தில் பேட்டரியில் பாடும் செட்டுகளை மலை ஊர்களுக்கு நடந்தே போய்ச் சரி செய்தவர். இலங்கை வானொலி இந்த மலையில் தெளிவாக எடுக்கும் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் மாறியது.

மீட்டரைப் பார்த்ததும் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் வாங்கினார்.

"உங்க அப்பாருதா தம்பி?"

"ஆமாங்கய்யா."

"அதான். கையில பட்டுப் பட்டு மூலையெல்லாம் வழுவழுன்னு ஆயிருக்கு."

மாதிரி ஸ்க்ரூவை வாங்கி, கண்ணாடி லென்ஸை இடுக்கிக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்தார். நான் கொண்டுவந்த நாலு மில்லிமீட்டர் ஸ்க்ரூவை அதன் பக்கவாட்டில் படுக்க வைத்து, மரையோடு மரை கோத்து, சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். ஒரு முனையில் பொருந்திய பற்கள் மறு முனையில் விலகி, நடுவே வெளிச்சம் கீறலாகத் தெரிந்தது. "ஒண்ணுக்கொண்ணு சேராதது இப்டித்தான் தெரியும்." பிறகு எஃகு ஸ்கேலை எடுத்துப் பத்து மரையை அளந்தார். மாதிரியில் பத்து மரைக்கு 6.6 மில்லிமீட்டர். நாலு மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் 7. கம்ப்யூட்டர் ஸ்க்ரூவில் கிட்டத்தட்ட 8. ஒரு மரையில் தெரியாத வித்தியாசம் பத்து மரையில் தெரிந்துவிடுகிறது.

"இது மில்லிமீட்டர் சாமான் இல்ல தம்பி. பி.ஏ., நாலாம் நம்பர்."

பி.ஏ. என்ற பெயரை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது என்னவென்று யோசித்ததில்லை. பிறகு தேடிப் படித்தேன். 1841-இல் பிரிட்டனில் ஜோசப் விட்வொர்த் ஸ்க்ரூ மரைகளுக்கு முதன்முதலாக ஓர் ஒழுங்கு சொன்னார். அதுவரை ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஆனால் அவருடைய அளவுகள் எஞ்சின்களுக்கும் பாலங்களுக்கும் ஏற்றவை. கடிகாரம், தந்தி, மின்கருவி ஆகியவற்றின் சிறு ஸ்க்ரூக்களுக்குப் பொருந்தவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க 'பிரிட்டிஷ் அசோசியேஷன்' என்ற அறிவியல் சங்கம் 1884-இல் ஒரு வரிசையைப் பரிந்துரைத்தது. அந்தச் சங்கத்தின் முதலெழுத்துகள்தான் பி.ஏ. அந்த வரிசையின் அழகு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஜெனீவாவைச் சேர்ந்த தூரி என்ற பேராசிரியர் சுவிஸ் கடிகாரத் தொழிலின் ஸ்க்ரூக்களை ஆராய்ந்து வகுத்த முறை அதற்கு அடிப்படை. பூஜ்யம் நம்பரில் மரை இடைவெளி சரியாக ஒரு மில்லிமீட்டர், பருமன் ஆறு. அடுத்த ஒவ்வொரு நம்பருக்கும் இடைவெளி முந்தையதில் பத்தில் ஒன்பது பங்கு. நாலாம் நம்பருக்கு வரும்போது 0.66, பருமன் 3.6. அங்குலத்தில் அளந்துகொண்டிருந்த பிரிட்டன், மின்கருவிக்கு மட்டும் மில்லிமீட்டரில் பிறந்த ஸ்க்ரூவை ஏற்றுக்கொண்டது. ஆனால் மரையின் கோணம் 47½ டிகிரி. இன்றைய மெட்ரிக் ஸ்க்ரூவுக்கு 60. ஆகவே இன்றைய எந்த ஸ்க்ரூவும் அதற்குச் சொந்தமில்லை. இந்தியா 1956-இல் மெட்ரிக் அளவுகளுக்குச் சட்டம் போட்டது. சட்டம் மாறினால் பட்டறையின் டையும் டேப்பும் அன்றே மாறிவிடுவதில்லை. அப்பாவின் மீட்டருக்குள் பிரிட்டிஷ் மரை எப்படி இருந்தது என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

தாத்தா உள்ளே போய் ஒரு மரப்பெட்டியைத் தூக்கி வந்தார். பால்பவுடர் டப்பாக்கள், ஹார்லிக்ஸ் பாட்டில்கள். எல்லாரும் செய்வதுபோல் பெரியது சிறியது என்று அவர் பிரித்து வைக்கவில்லை. ஒவ்வொரு டப்பாவிலும் பிளாஸ்திரி ஒட்டி, எந்த செட்டிலிருந்து கழற்றியது என்று எழுதியிருந்தது. 'மர்ஃபி வால்வு'. 'புஷ்'. 'பிலிப்ஸ், பஞ்சாயத்து ஆபீஸ்'. ஏன் அப்படி என்று கேட்டேன்.

"செட்டு செத்துப்போச்சுன்னு குடுத்துட்டுப் போவாங்க. பத்து வருஷம் கழிச்சுப் புள்ள வந்து, எங்கப்பா ரேடியோ இருக்கான்னு கேப்பான். அப்ப அதோட சாமான் அதுக்குப் போவணும்ல."

அந்த மேஜையைச் சுற்றி ஒருமுறை பார்த்தேன். நகரத்தில் நாங்கள் பழுதுபார்க்கிறோம் என்கிறோம். கழற்றியதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டுகிறோம். பழைய பொருள் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால், அதன் உடன்பிறப்பு ஒன்று எங்கோ செத்தபோது அதன் ஸ்க்ரூவை ஒருவர் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார் என்று பொருள். மீட்டருக்கு ஒரு ஸ்க்ரூ தேடி வந்தவன், அப்படி எடுத்து வைத்த ஒருவர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

'மர்ஃபி வால்வு' டப்பாவைப் பழைய செய்தித்தாளில் கொட்டினார். பிரிட்டனில் பிறந்த கம்பெனிகளின் செட்டுகளில் இந்த மரை இருக்கும் என்பது அவருடைய கணக்கு. ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வந்து ஒன்றில் நிறுத்தினார். பித்தளை, உருண்டைத் தலை, நடுவில் ஒற்றைக் கோடு. மாதிரியோடு கோத்துச் சூரியனுக்கு எதிரே பிடித்தார். இந்த முனை முதல் அந்த முனை வரை வெளிச்சம் இல்லை.

ஓட்டையில் வைத்து, முதலில் இடதுபக்கமாக மெல்லத் திருப்பினார். மரையின் வாய் மரையில் விழும்போது விரலுக்கு ஒரு சிறு இறக்கம் தெரியும். அதற்குப் பிறகுதான் வலப்பக்கம் திருப்ப வேண்டும். அப்பாவும் அப்படித்தான் செய்வார். ஸ்க்ரூ தானே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

ஆனால் நீளம் அதிகம். பழையது 12 மில்லிமீட்டர், இது 18. அப்படியே முடுக்கினால் நுனி உள்ளே புகுந்து ரெசிஸ்டர் பலகையைத் தொடும். ஸ்க்ரூத் தலை வெளியே, விரலுக்கு அடியில். இப்படி ஒரு பித்தளைத் துண்டு லைனையும் விரலையும் இணைத்துவிட்டால் மூடி இருந்தும் பயனில்லை. மரை சேர்ந்தால் போதும் என்று நினைப்பவர்கள் நீளத்தை மறந்துவிடுவார்கள். தாத்தா மறக்கவில்லை. அதே டப்பாவிலிருந்து அதன் நட்டையும் தேடி எடுத்தார். நட்டை ஸ்க்ரூவில் தலைவரை ஏற்றிவிட்டு, வைஸில் பிடித்து, ஆக்சா பிளேடால் நீளத்தை வெட்டினார். வெட்டிய முனையை அரத்தால் சாய்வாகத் தேய்த்தார். கடைசியாக நட்டைக் கழற்றினார். வெளியே வரும் நட்டு, வெட்டுப்பட்டு நசுங்கிய மரை வாயைத் தானே நிமிர்த்திக்கொண்டு வந்தது. நட்டை முதலில் ஏற்ற வேண்டும் என்பதுதான் இதில் உள்ள வித்தை. வெட்டிய பிறகு நட்டு ஏறாது.

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. என் கையில் இருந்த சேராத ஸ்க்ரூக்களைப் பார்த்து, "அது உனக்கு வோணுமா?" என்றார். நாலு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர், கம்ப்யூட்டர் ஸ்க்ரூ மூன்றையும் வாங்கி ஒரு புது டப்பாவில் போட்டு, பிளாஸ்திரி ஒட்டி, என் ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டார்.

சாமை இயந்திரம் இருக்கும் ஊர் அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே. பீமன் அருவிக்குப் பிரியும் பாதையை விட்டு மறுபுறம். நான் போய்ச் சேர்ந்தபோது குழுப் பெண்கள் நாலைந்து பேர் கொட்டகை வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மோட்டார் எரிந்திருந்த நாட்களில் மறுபடி உரலில்தான் இடித்தார்களாம். சாமையின் உமி, நெல் உமி மாதிரி லேசில் விடாது. இடித்து, புடைத்து, மறுபடி இடித்து, இரண்டு படி அரிசிக்கு ஒரு காலை போய்விடும். தோள்பட்டையைத் தொட்டுக் காட்டினார் ஒரு மூத்த அம்மா. மோட்டார் கருகுவது என்றால் என்ன என்று பட்டறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த அளவுக்குத் தெரிந்திருக்கவில்லை.

மெயின் சுவிட்சில் அளந்தேன். மோட்டார் ஓடாதபோது 226. மோட்டார் முனையில் 224. இதைப் பார்த்து யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முன்பு வந்து பார்த்தவர்களும் இதை மட்டும்தான் பார்த்திருப்பார்கள். மோட்டாரைக் கிளப்பச் சொன்னேன். மெயினில் முள் 210-க்கு விழுந்து எழுந்தது. அது பரவாயில்லை, டிரான்ஸ்பார்மர் தூரம். மோட்டார் முனையில் வைத்துக் கிளப்பியபோது முள் 170-க்குப் போய் அங்கேயே கிடந்து நடுங்கியது. மோட்டார் முனகிக்கொண்டு மெதுவாகத்தான் வேகம் பிடித்தது. கிளம்பும் நேரத்தில் மோட்டார் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்டு இழுக்கும். வோல்டேஜ் குறைந்தால் அந்த நேரம் நீளும். ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் காயில் அந்தச் சூட்டில் வெந்திருக்கிறது. அடிக்கடி நிறுத்தி ஓட்டும் இயந்திரம் வேறு.

நாற்பது வோல்ட் கொட்டகைக்குள்ளேயே எங்கோ தொலைகிறது. வயரைத் தொடர்ந்து போனேன். உத்தரத்துக்கு மேலே, டேப் சுற்றிய ஓர் இணைப்பு. டேப் வெந்து மொறுமொறுவென்று இருந்தது. மெயினை நிறுத்தி ப்யூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு பிரித்தேன். அலுமினிய வயரையும் செம்பு வயரையும் நேராக முறுக்கி விட்டிருந்தார்கள். இரண்டும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. ஈரம் பட்டால் ஒன்றை ஒன்று அரிக்கும். அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு கரண்டை விடாது. மலை மழைக்காலம் ஒன்று போதும். சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, ப்யூஸைத் திரும்பப் போட்டு, இணைப்பின் இரு புறமும் புரோப்பை வைத்து மோட்டாரைக் கிளப்பினேன். மீட்டர் 250 வோல்ட் அளவில். இணைப்பு முழுதாக விட்டுப்போனால் முழு வோல்டேஜும் மீட்டர் மேல் விழும் என்பதால் அதைக் குறைக்கவில்லை. பூஜ்யத்தில் கிடக்க வேண்டிய முள் 25-ஐத் தாண்டி நின்றது. அந்த நேரம் மீட்டரின் முதுகில், கீழ் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் என் விரல் இருந்தது.

மறுபடி மெயினை நிறுத்தினேன். வண்டியில் செம்பு கேபிள் பன்னிரண்டு மீட்டர் இருந்தது. அலுமினியத் துண்டை மொத்தமாக எடுத்துவிட்டு மெயினிலிருந்து மோட்டார் வரை இணைப்பே இல்லாமல் ஒரே ஓட்டமாக இழுத்தோம். அந்த ஊர் வயர்மேன் தம்பி ஏணியில் நின்றார், அக்காக்கள் கீழே பிடித்துக்கொண்டார்கள். மாலை ஐந்து மணிக்குக் கிளப்பியபோது மோட்டார் முனையில் முள் 198-ஐத் தொட்டுவிட்டு உடனே எழுந்துகொண்டது. முனகல் இல்லை. ஒரே மூச்சில் வேகம் பிடித்தது. கொட்டகை முழுக்க உமித்தூசி. மூத்த அம்மா அரிசி விழும் வாயில் கையை ஏந்தி நின்றார்.

இரவு அங்கேயே தங்கினேன். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும். மார்கழி வானம் அந்த மலையில் எப்படி இருக்கும் என்று எழுதத் தெரியவில்லை. அதற்காகத்தானே பாப்பு இங்கே வந்தார் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

காலையில் இறங்கும்போது அதே பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். வெயில் சாய்வாக விழும் நேரம், ஏதாவது மின்னினால் தெரியும் என்ற ஆசை. பாறை பாறையாகக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் நின்றார்.

"இன்னாண்ணா தேடுறீங்க?"

"ஒரு ஸ்க்ரூம்மா. சின்னது. வெளுத்த பித்தளை, தலையில ஒரு கோடு இருக்கும்."

அவரும் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். கிடைக்கவில்லை.

"நான் டெய்லி இந்தப் பக்கம்தான் வருவேன். கெடச்சா யாருகிட்டண்ணா குடுக்குறது?"

"ஜமுனாமரத்தூர்ல ரேடியோ தாத்தா தெரியுமா?"

"தெரியுமே."

"அவர்கிட்ட குடுத்துடும்மா. வாணியம்பாடி டப்பான்னு சொல்லு."